99 சதவீதம் என்றால் எதில் 99? கணினித் துறை ஆய்வுரைகளைப் புரிந்துகொள்ள

மதுரையில் கணினித் துறை உள்ள கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் இப்போது பெரும்பாலும் ஒரே மாதிரித் தலைப்புகள். 'ஆழ்கற்றல் வழியாக இலைநோய் கண்டறிதல்', 'விழித்திரைப் படங்களில் செயற்கை நுண்ணறிவு', 'தரவு குறைந்த மொழிகளுக்கான மொழி மாதிரிகள்', 'குவாண்டம் காலத்துக்கான குறியாக்கம்'. கீழே தேதி, செமினார் ஹால், 'அனைவரும் வருக'. அந்த அனைவரில் தானும் சேர்த்தியா என்று பெற்றோருக்கும் பள்ளி ஆசிரியருக்கும், ஏன், முதலாண்டு மாணவருக்குமே சந்தேகம். உள்ளூர்ச் செய்தியில் '99 சதவீதத் துல்லியம்' என்று வந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒரு நோயை 99 சதவீதம் கண்டுபிடிக்கும் கருவி வந்தாயிற்று என்றால், அது ஏன் எந்த வயலிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் கண்ணில் படுவதில்லை?

ஆய்வாளர் பொய் சொல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. அந்த எண் உண்மைதான். அதை எங்கே, எதை வைத்து அளந்தார்கள் என்பது செய்தியில் வருவதில்லை. பல நேரம் பேச்சிலேயே அது ஒரு ஸ்லைடில் ஓடிப்போய்விடுகிறது.

ஆய்வுரை என்ற பெயரில் நடப்பவை

மதுரையைச் சுற்றி முனைவர் பட்ட ஆய்வு நடக்கும் இடங்கள் பல. பல்கலை நகரில் 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திருப்பரங்குன்றத்தில் 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி, 1881-இல் பசுமலையில் தொடங்கிப் பிறகு நகருக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரி, பெண்கள் படிக்கும் லேடி டோக், பாத்திமா கல்லூரிகள் என்று வரிசை நீளும். பொறியியல் பக்கம் அண்ணா பல்கலைக்கழக விதிகள், கலை அறிவியல் பக்கம் பெரும்பாலும் காமராசர் பல்கலைக்கழக விதிகள். நடைமுறையில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். பேச்சுகளை மட்டும் நான்காகப் பிரித்துவிடலாம்.

1. அழைப்புரை. 'கெஸ்ட் லெக்சர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஒரு துறையின் நிலவரத்தைச் சொல்வார். மாணவர்களுக்கு 'ஓடி', அதாவது வகுப்பில் இல்லாமலே வருகைப் பதிவு, கிடைக்கும் என்பதால் ஹால் நிறைந்திருக்கும். இதில் புதிய முடிவு எதுவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2. ஆய்வுக் குழுக் கூட்டம். டிசி மீட்டிங் என்பார்கள். ஸ்காலர், அதாவது முனைவர் பட்ட ஆய்வு மாணவர், தன் கைடு (ஆய்வு வழிகாட்டி) உட்பட்ட ஒரு சிறு குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். வெளியாளுக்கு இடமில்லை.

3. ஆய்வேடு கொடுப்பதற்கு முந்தைய உரை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஸ்காலர் தன் வேலையைக் குழுவின் முன் விளக்க வேண்டும். துறை ஆசிரியர்களுக்கும் மற்ற ஸ்காலர்களுக்கும் மாணவர்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும்.

4. பொது வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா. கைடு தவிர வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் ஆய்வேட்டைப் படித்து மதிப்பிட்ட பிறகு நடப்பது. பட்டம் தீர்மானமாகும் மேடை இதுதான்.

ஆக, 'ஆய்வுரை' என்று போட்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது நான்கில் எது என்பதை. அழைப்புரையில் கேட்டதை மதுரையில் நடந்த கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவதும், ஒரு ஸ்காலர் டிசி மீட்டிங்கில் காட்டிய அரைகுறை அட்டவணையைச் சாதனை என்று பரப்புவதும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2016 விதிகளில், ஆய்வேடு கொடுக்கும் முன் குறைந்தது ஒரு ஜர்னல் பேப்பரும் (ஆய்விதழ்க் கட்டுரை) இரண்டு மாநாட்டு உரைகளும் கட்டாயம். 2022 விதிகள் அந்தத் தேசியக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்டுக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஜர்னல்கள் பெருகியிருந்த நேரத்தில் இது தேவைப்பட்ட மாற்றம்தான். ஆனால் வெளியார் யாரோ ஏற்கெனவே சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாத நிலையும் இதோடு வந்துவிட்டது. சரிபார்க்கும் பாரம் முன்னைவிட அதிகமாக அந்தப் பேச்சின் மேலும் வைவாவின் மேலும் விழுகிறது.

பேப்பர் என்றால் எந்தப் பேப்பர்

மற்ற அறிவியல் துறைகளில் ஜர்னல்தான் பெரிது. கணினி அறிவியலில் மாநாடு பெரிது. நல்ல மாநாடுகளில் பேப்பரை மூன்று நான்கு பேர் எழுதியவர் பெயர் தெரியாமல் படித்து, பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கும் முன்னால் பிரீபிரிண்ட் என்று ஒரு நிலை உண்டு. எழுதியதும் 'ஆர்கைவ்' என்ற பொதுச் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுவது. 1991-இல் இயற்பியலாளர்களுக்காகத் தொடங்கியது, இன்று கணினித் துறையின் அன்றாடம் ஆகிவிட்டது. சாட்ஜிபிடி வகை மென்பொருள்களுக்கெல்லாம் அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைப்பு 2017 ஜூனில் அங்கே ஏறி, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்டது. பிரீபிரிண்ட் என்பதாலேயே மட்டம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும். ஆனால் பேச்சாளர் ஒரு பிரீபிரிண்டை மேற்கோள் காட்டினால், இன்னும் யாரும் அதைச் சரிபார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலைநோய்ப் பேச்சு

தமிழ்நாட்டுக் கணினித் துறைகளில் அடிக்கடி காதில் விழும் ஆய்வுத் தலைப்புகளில் ஒன்று இலைநோய் கண்டறிதல். காரணம் வெளிப்படை. சுற்றிலும் விவசாயம், கையில் போன், இணையத்தில் இலவசமாகத் தரவு. இந்தத் தலைப்பை முழுசாகப் புரிந்துகொண்டால் மற்ற பேச்சுகளில் பாதி புரிந்த மாதிரி.

வேலை நடக்கும் விதம் இது. ஆயிரக்கணக்கான இலைப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 'இந்தப் பயிர், இந்த நோய்' என்று குறித்து வைக்கிறார்கள். அதில் பெரும் பகுதியை நரம்பு வலைப்பின்னல் என்னும் கணித அமைப்புக்குக் காட்டுகிறார்கள். அது தன் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்களை, விடை சரியாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது. இது பயிற்சி. தனியே எடுத்து வைத்த, அது பார்க்காத படங்களைக் காட்டி எத்தனை சரி என்று எண்ணுவது சோதனை. அந்தச் சோதனையின் எண்ணைத்தான் துல்லியம் என்கிறார்கள்.

இதில் உலகமெங்கும் பயன்படுவது பிளான்ட்வில்லேஜ் என்ற தரவுத் தொகுப்பு. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். 2016-இல் இதை வைத்து வந்த பேப்பர் 99.35 சதவீதத் துல்லியம் காட்டியது. மேடைகளில் இன்றும் வரும் '99' இந்த வம்சத்தைச் சேர்ந்தது. அதே பேப்பரில் அதே ஆய்வாளர்கள் இன்னொரு எண்ணையும் நேர்மையாக எழுதியிருந்தார்கள். வேறு சூழலில் எடுக்கப்பட்ட, இணையத்தில் கிடைத்த படங்களில் சோதித்தபோது துல்லியம் 31 சதவீதத்தைச் சற்றே தாண்டியதோடு சரி.

99 எப்படி 31 ஆனது? பிளான்ட்வில்லேஜ் படங்களில் இலையைப் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து, ஒன்றை மட்டும் எடுத்திருப்பார்கள். வயலில் இலை இலைமேல் இலையாகக் கிடக்கும். வெயில் அடிக்கும், மண் ஒட்டியிருக்கும், கை ஆடும். போதாக்குறைக்கு, இயந்திரம் நாம் நினைத்ததைத்தான் கற்றுக்கொண்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2022-இல் ஒருவர் இதைச் சோதித்துக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் இலையைத் தொடாமல், பின்னணியிலிருந்து வெறும் எட்டுப் புள்ளிகளை மட்டும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார். குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 49 சதவீதம் வந்தது. அதாவது ஒவ்வொரு நோயின் படங்களும் ஒவ்வொரு விதமான வெளிச்சத்திலும் பின்னணியிலும் எடுக்கப்பட்டிருந்தன. இலையையே பார்க்காமல் பாதி விடை சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு.

இப்போது மதுரைக்கு வருவோம். அந்த 14 பயிர்களில் தக்காளி உண்டு, மக்காச்சோளம் உண்டு, திராட்சை உண்டு, ஆப்பிளும் ஸ்ட்ராபெரியும்கூட உண்டு. நெல் இல்லை, வாழை இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் இல்லை. ஆகவே இங்கே ஒரு ஸ்காலர் 'விவசாயிகளுக்கான செயலி' என்று பிளான்ட்வில்லேஜ் தரவை மட்டும் வைத்துப் பேசினால், அது உசிலம்பட்டி விவசாயிக்கான செயலி ஆவது எப்படி என்று கேட்கத்தான் வேண்டும். அதே ஸ்காலர் இரண்டு மூன்று ஊர்களில் தானே போய் ஐந்நூறு மல்லிகை இலைப் படம் எடுத்து, வேளாண் அலுவலரை வைத்து நோயைக் குறித்து, 74 சதவீதம் வந்தது என்று சொன்னால் அது எவ்வளவோ பெரிய வேலை. ஆனால் 74 என்ற எண்ணைப் பேனரில் போட யாருக்கும் மனம் வராது என்பதுதான் பிரச்சினை.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் தரவுக் கசிவு. சோதனைக்கு வைத்த படங்களின் சாயல் பயிற்சிக்குள்ளும் போய்விடுவது. ஒரே இலையை ஐந்து கோணத்தில் எடுத்து, நான்கைப் பயிற்சிக்கும் ஐந்தாவதைச் சோதனைக்கும் வைத்தால், வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே பரீட்சையில் கொடுத்த மாதிரி. வேண்டுமென்றே செய்வதைவிடத் தெரியாமல் நடப்பதே அதிகம். படங்களை முதலில் திருப்பியும் வெட்டியும் பெருக்கிவிட்டு, அப்புறம் பயிற்சி, சோதனை என்று பிரித்தால் கசிவு தானாக நடந்துவிடும். பிரித்த பிறகே பெருக்க வேண்டும்.

கண் படமும் துல்லியம் என்ற எண்ணும்

சர்க்கரை நோயால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுவது டயபெட்டிக் ரெட்டினோபதி. ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது, விட்டால் பார்வை போகும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. அத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் பார்க்கக் கண் மருத்துவர்கள் கிடையாது. அதனால்தான் இந்த ஆய்வு.

இதில் மதுரைக்கு நேரடிப் பங்கு உண்டு. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும், கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட பேப்பருக்குப் பயன்பட்ட பயிற்சித் தரவில் இருந்தன. மொத்தம் 1,28,175 படங்கள். அவற்றை 54 கண் மருத்துவர்கள், ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் பார்த்து, தரம் பிரித்தார்கள். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாததைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து மாறும்.

அந்தப் பேப்பர் 'துல்லியம்' என்று ஒரே எண்ணைச் சொல்லவில்லை. இரண்டு எண்களைச் சொன்னது. ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

ஒரு முகாமுக்கு 10,000 சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள். அதில் 500 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. முதல் இயந்திரம் படத்தையே பார்க்காமல் எல்லோருக்கும் 'நோய் இல்லை' என்கிறது. 9,500 பேர் விஷயத்தில் அது சரி. துல்லியம் 95 சதவீதம். கண்டுபிடித்த நோயாளிகள் பூஜ்யம்.

2. இரண்டாவது இயந்திரம் உண்மையில் வேலை செய்கிறது. நோய் உள்ள 500 பேரில் 450 பேரைப் பிடிக்கிறது, அதாவது 90 சதவீதம். இதற்கு உணர்திறன் என்று பெயர். நோய் இல்லாத 9,500 பேரில் 95 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது. இது தனித்தன்மை. மீதி 475 பேரை வீணாக அழைக்கிறது. சரியான விடைகள் 450-உம் 9,025-உம் சேர்ந்து 9,475. துல்லியம் 94.75 சதவீதம்.

ஒன்றுமே செய்யாத இயந்திரத்தின் துல்லியம் அதிகம்! துல்லியம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் காட்டும் மருத்துவப் பேச்சைக் கேட்டால் காது நிமிர வேண்டியதற்கு இதுவே காரணம். இன்னும் ஒன்று: இரண்டாவது இயந்திரம் 'டாக்டரைப் பாருங்கள்' என்று அனுப்பிய 925 பேரில் 450 பேருக்குத்தான் நோய். பாதிக்கும் குறைவு. மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 50 பேரைத் தவறவிடுவதைவிட 475 பேரை வீணாக அழைப்பது மேல் என்று ஒரு மருத்துவமனை தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானம் கணினித் துறையின் கையில் இல்லை.

2016 பேப்பரில் ஒரு சோதனைத் தொகுப்பில் உணர்திறன் 90.3, தனித்தன்மை 98.1 சதவீதம். நிறையப் பேரைப் பிடிக்கும் வகையில் அளவுகோலைத் தளர்த்தியபோது அதே இயந்திரம் 97.5, 93.4 என்று மாறியது. ஒன்று கூடினால் மற்றது குறையும்.

அப்புறம் களம். இந்தத் தொழில்நுட்பத்தைத் தாய்லாந்தின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தரம் போதாது என்று இயந்திரமே மறுத்துவிட்டது. அறையில் இருட்டு போதவில்லை, படத்தை அனுப்ப இணையம் மெதுவாக இருந்தது, செவிலியர்களுக்கு நேரம் இல்லை. இவை எதுவும் துல்லியத்தின் எண்ணில் வராது. ஆனால் வரிசை நின்றுவிட்டது.

விழித்திரைப் பேச்சில் தரவுக் கசிவுக்கு ஒரு தனி வழியும் உண்டு. ஒருவரின் இடது கண் பயிற்சியிலும் வலது கண் சோதனையிலும் போய்விடுவது. பிரிக்கும்போது படவாரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாகப் பிரித்தீர்களா என்ற ஒரு வரிக் கேள்வி பல அட்டவணைகளை ஆட்டிவிடும்.

தமிழும் மொழி மாதிரிகளும்

பெரு மொழி மாதிரி என்பது, இதுவரை வந்த வார்த்தைகளைப் பார்த்து அடுத்து வர வாய்ப்புள்ளது எது என்று கணிக்கப் பழகிய மிகப் பெரிய நரம்பு வலைப்பின்னல். அது எழுத்தையும் வார்த்தையையும் நேரடியாகப் பார்ப்பதில்லை. டோக்கன் என்ற துணுக்குகளாக நறுக்கிய பிறகே பார்க்கிறது. எப்படி நறுக்குவது என்பதில்தான் தமிழுக்குப் பாதகம் ஆரம்பிக்கிறது.

கணினியில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் சேமிப்பில் மூன்று பைட் எடுக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். 'மதுரை' என்பதில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள், 15 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து, ஏழு பைட். பரவலாக உள்ள நறுக்கும் முறை, அடிக்கடி பக்கத்துப் பக்கத்தில் வரும் பைட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு பட்டியல் போடும். 1994-இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக வந்த உத்தி இது, பிறகு மொழிபெயர்ப்புக்கு வந்து, இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. பட்டியல் போடப் பயன்பட்ட தரவில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் கைப்பிடி. ஆகவே ஆங்கிலச் சொல் ஒரே டோக்கனாக முழுசாக நிற்கும். தமிழ்ச் சொல் பொடிப்பொடியாகும், சில நேரம் ஓர் எழுத்தே நடுவில் உடையும்.

விளைவு மூன்று. டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்கும் சேவைகளில் அதே விஷயத்துக்குத் தமிழில் அதிகச் செலவு. மாதிரி ஒரே நேரத்தில் நினைவில் வைக்கும் அளவு டோக்கனில் கணக்கிடப்படுவதால், தமிழில் சின்ன ஆவணத்திலேயே அது நிரம்பிவிடும். மூன்றாவது, பொடித்துக் கொடுத்ததைச் சேர்த்துப் பொருள் கண்டுபிடிப்பதிலேயே மாதிரியின் திறனில் ஒரு பங்கு போய்விடும்.

நிலைமை மாறாமல் இல்லை. 2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனம் புதிய நறுக்கியை வெளியிட்டபோது அவர்களே காட்டிய உதாரணத்தில், ஒரே வாக்கியத்துக்குத் தமிழில் 116 டோக்கன் தேவைப்பட்டது 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் 27 என்பது 24 ஆனது. அதாவது முன்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்த இடைவெளி ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. 'தமிழுக்கு நான்கு மடங்கு செலவு' என்று பழைய ஸ்லைடை வைத்து இப்போதும் பேசுபவரிடம் எந்த மாதிரியின் நறுக்கி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மதுரைக்கு இதைவிடச் சுவையான விஷயம் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆய்வு. 2022-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் பாஷிணி திட்டம், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு ஆகியவற்றால் இந்திய மொழிகளுக்குத் திறந்த தரவு நிறையக் கிடைக்கிறது. இந்தத் துறையின் அளவுகோல் சொற்பிழை விகிதம். மாறிய சொல், விட்டுப்போன சொல், கூடுதலாக நுழைந்த சொல் எல்லாவற்றையும் கூட்டி, மூலத்தில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. ஆங்கிலத்தில் ஒழுங்காக வேலை செய்யும் இந்த அளவுகோல் தமிழில் வேடிக்கை காட்டும்.

ஒருவர் 'அவய்ங்க நாளைக்கு வர்றாய்ங்க' என்கிறார். இயந்திரம் 'அவங்க நாளைக்கு வர்றாங்க' என்று எழுதுகிறது. மூன்றில் இரண்டு சொல் மாறிவிட்டது, பிழை 67 சதவீதம். ஆனால் ஒரு வார்த்தைகூடப் பொருள் மாறவில்லை. இன்னொரு பக்கம், மூலத்தில் 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதியிருக்கிறது, இயந்திரம் 'வந்து கொண்டிருந்தான்' என்று பிரித்து எழுதுகிறது. ஒரு சொல் மாறியது, ஒரு சொல் கூடியது, ஒன்றில் இரண்டு பிழை. 200 சதவீதம்! ஒலியை நூற்றுக்கு நூறு சரியாகக் கேட்டதற்குக் கிடைத்த மதிப்பெண் இது. இதனால்தான் எழுத்துவாரியாக எண்ணும் விகிதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் இது ஏமாற்றும். செய்தி வாசிப்பை வைத்துச் சோதித்து மிகக் குறைந்த பிழை விகிதம் காட்டும் மாதிரி, மாட்டுத்தாவணியில் பூ விற்பவரும் கண்டக்டரும் பேசுவதைக் கேட்டால் திணறிவிடும். எண் எத்தனை என்பதோடு யாருடைய குரல், எந்த இடத்துச் சத்தம், எந்த வட்டாரம் என்பதும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. மதுரைப் பேச்சைப் பதிவுசெய்து, அனுமதி வாங்கி, எழுத்தாக்கி வைப்பது எந்தக் கல்லூரியும் செய்யக்கூடிய வேலை. அதற்குப் பெரிய கணினி வேண்டாம், பொறுமை வேண்டும். ஏனோ புதிய நரம்பு வலைப்பின்னலுக்குப் பெயர் வைப்பதில் உள்ள ஆர்வம் இதில் இல்லை.

சதவீதமே இல்லாத பேச்சுகள்

கோட்பாட்டுப் பேச்சு வேறு ஜாதி. அங்கே தரவு இல்லை, நிரூபணம் உண்டு. ஓர் இடத்திலிருந்து மற்ற எல்லா இடத்துக்கும் மிகக் குறுகிய வழி காணும் கணக்கை எடுத்துக்கொண்டால், 1959-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறைதான் பாடப்புத்தகத்தில். அருகில் உள்ள இடங்களை வரிசைப்படுத்திக்கொண்டே போவது அது. வரிசைப்படுத்துவதற்கு ஆகும் நேரத்தைத் தாண்ட முடியாது என்று பலர் நினைத்திருந்ததை, இணைப்புகள் அடர்த்தியாக இல்லாத வலைப்பின்னல்களுக்கு 2025-இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு உடைத்தது. அதற்காக உங்கள் போனில் வழி காட்டும் செயலி நாளைக்கே வேகமாகிவிடாது. 2002-இல் கான்பூர் ஐஐடியின் மனிந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஓர் எண் பகா எண்ணா என்று நியாயமான நேரத்தில் உறுதியாகச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உலகமே கொண்டாடியது. நடைமுறை மென்பொருள்கள் இன்றும் நிகழ்தகவைச் சார்ந்த பழைய, வேகமான சோதனையைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டும் முரண் இல்லை. கோட்பாட்டுப் பேச்சில் கேட்க வேண்டியது எந்த நிபந்தனைகளின் கீழ் இது உண்மை என்பது.

குவாண்டம் காலத்துக்கான குறியாக்கம் பற்றிய பேச்சுகளுக்கும் சுருக்கமாக ஒரு பின்னணி. வங்கிப் பரிமாற்றங்கள் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பது போன்ற கணக்குகளை நம்பி நிற்கின்றன. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால் அது எளிது என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். அப்படிப்பட்ட கணினி இன்னும் இல்லை. ஆனால் இன்று பதிவுசெய்து வைத்ததை நாளை உடைக்கலாம் என்பதால் 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. 2023-இல் இந்தியா ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் திட்டத்தின் ஒதுக்கீடு 6,003 கோடி ரூபாய்க்கு மேல். தலைப்புகள் பெருகியதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம் என்றால் தப்பில்லை.

கேள்வி நேரம்

ஒரு கூற்றை வைத்து, எதிரே இருப்பவர்கள் அதைத் தட்டிப்பார்க்க இடம் கொடுப்பதற்காகத்தான் ஆய்வுரை. நம் ஊர் நடைமுறையில் வரவேற்புரை, பொன்னாடை, பேச்சாளரின் சாதனைப் பட்டியல், நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம் எல்லாம் போக மிஞ்சும் நேரம் கேள்விக்கு. 'டைம் ஆயிருச்சு, கேள்விகளை வெளியில் கேட்டுக்கலாம்' என்று முடித்துவிடுவார்கள். வைவாவிலோ ஸ்காலரிடம் கேட்ட கேள்விக்குக் கைடு எழுந்து பதில் சொல்வதும் நடக்கும். அது மரியாதைக்காக நடப்பது என்றாலும், ஸ்காலருக்குத் தன் வேலை தெரியுமா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். இரண்டையும் மாற்ற ஒரு ரூபாய் செலவு இல்லை.

துறைக்கு வெளியில் இருப்பவரும் கூச்சமில்லாமல் கேட்கக்கூடியவை:

1. தரவு எங்கிருந்து வந்தது, யார் குறித்தார்கள்? ஒருவர் மட்டும் குறித்ததா, பலர் பார்த்து ஒத்துப்போனதா?

2. இதைவிட எளிமையான பழைய முறை எத்தனை மதிப்பெண் வாங்குகிறது? இந்த ஒப்பீடு இல்லாத அட்டவணைக்கு அர்த்தமே இல்லை. 96 பெரிதாகத் தெரியும், பத்து வரி நிரல் 95 வாங்கும் என்று தெரியும்வரை.

3. பயிற்சிக்குப் பயன்பட்ட இடத்திலிருந்து வராத தரவில் சோதித்தீர்களா?

4. இயந்திரம் தவறவிட்டவற்றில் ஐந்தாறைக் காட்ட முடியுமா?

நான்காவதை நான் முதலில் கேட்பேன். பிழைகளை உட்கார்ந்து பார்த்த ஸ்காலர் உடனே ஒரு ஸ்லைடைத் திறப்பார், அல்லது வாயாலேயே விவரிப்பார். பார்க்காதவர் மறுபடியும் 99-ஐச் சொல்வார்.

செமினார் ஹாலுக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பட்டம் பெற்ற ஆய்வேட்டின் மின்நகலைப் பல்கலைக்கழகங்கள் 'சோத்கங்கா' என்ற தேசியச் சேமிப்பகத்தில் ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். பல்கலைக்கழகம், துறை என்று தேடிப் போனால் மதுரையில் நடந்த ஆய்வுகளும் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கும். முன்னுரையை விட்டுவிட்டு நேரே முடிவுகள் அத்தியாயத்துக்குப் போய், தரவுத் தொகுப்பின் பெயர் போட்டிருக்கும் அட்டவணையைப் பார்க்கலாம். அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் அந்தப் படங்கள் எந்த நாட்டில், எந்தப் பின்னணியில், எந்தக் கேமராவில் எடுத்தவை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.